எட்டு முறை எண்ணிய பூங்கா

சவரிமேரியும் நானும் முதலில் பேசியது கடலூரில் அவர் பார்த்துக்கொண்ட பூங்காவின் வாசலில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு. அவர்தான் ஆரம்பித்தார்.

"நீங்கதான் எண்ண வந்த மேடமா?"

ஆமாம் என்றேன்.

"என்னா எண்ணுவீங்க?"

மரம், பெஞ்சு, விளக்கு, குழாய், வருகிற ஆட்கள் என்று படிவத்தில் இருந்த வரிசையிலேயே சொன்னேன்.

"மரம் பதினாலு. பெஞ்சு ஆறு. அதுல ஒண்ணு கால் ஆடும், செங்கல் முட்டுக் குடுத்திருக்கேன். வெளக்கு மூணு, எரியறது ரெண்டு. ஆளு கெடையாது."

"யாருமே வர மாட்டாங்களா அக்கா?"

"ஈ காக்கா வராது. நீங்க பொதரு மறைவெல்லாம் கூடத் தேடிப் பாத்துக்கலாம்."

"எப்பவுமே இப்படித்தானா?"

அவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லும் பெண்ணைப் போல நேராக நின்றார்.

"நா இருக்கற வரைக்கும் இப்படித்தான் மேடம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை என்று காட்டுவதற்காகவே அந்தப் பூங்கா அன்று அப்படி இருந்தது. ஒரு சருகு இல்லை. நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்திருந்தது. பெரிய அதிகாரி வரும்போது தெருவில் இழுப்பார்களே, அதே வெள்ளைக் கோடு. பெஞ்சுகள் கழுவப்பட்டு ஈரமாக இருந்தன. நடுவில் சிமெண்டில் செய்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று தலையில்லாமல் நின்றது. கழுத்து உடைந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பழைய சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியிருந்தார். குழந்தைகளைக் குத்தக் கூடாது என்பதற்காக. அந்தக் குழந்தைகளில் ஒருவரும் உள்ளே இல்லை.

கடலூரும் சிதம்பரமும் தங்கள் பூங்காக்களைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு ஊர்களும் நடுவிலுள்ள சிற்றூர்களும் சேர்ந்து ஒரே பூங்கா வட்டாரமாகிவிடலாமா, ஒரே நிதி, ஒரே நிர்வாகம், ஒரே ஆட்பட்டியல் வைத்துக்கொள்ளலாமா என்று ஆராய ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். ஆறு மாத ஒப்பந்தத்தில் நான் அங்கே சேர்ந்திருந்தேன். ஆங்கிலத்தில் வந்த படிவத்தைத் தமிழாக்குவதும், தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் நிரப்புவதும் என் வேலை. மொத்தம் முப்பத்தொரு பூங்காக்கள். வட்டாரத்தின் நிதி பதினெட்டைத்தான் தாங்கும். பட்டியலில் இடம்பெறும் பூங்காவில் வேலை செய்கிறவர்கள் வட்டாரத்தின் நிரந்தரப் பணியாளர்கள் ஆவார்கள். பூங்காக் காப்பாளர் என்று பெயரும் புகைப்படமும் போட்ட அட்டை தருவார்கள். இது பணியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்தப் பூங்காவை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நூறு மதிப்பெண்ணில் எழுபது, பூங்காவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு. சுத்தத்துக்குப் பத்து.

நாலு மணிக்கு முதல் எண்ணிக்கை. பூஜ்யம். கால் மணிக்கு ஒருமுறை எண்ண வேண்டும், ஐந்தே முக்கால் வரை எட்டு முறை. நாலேகாலுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது சுவருக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேரி! மணி என்னாச்சுடி? காலு மரத்துப்போச்சு!"

"ஆறு மணி வரைக்கும் வாய மூடிக்கிட்டு ஒக்காருங்க மாமா!" என்று சவரிமேரி திருப்பிக் கத்தினார். உடனே என் பக்கம் திரும்பி, "ரோட்டுல போறவுங்க மேடம்," என்றார்.

எட்டிப் பார்த்தேன். சாலையோரச் சிறுபாலத்தின் திண்டில், ஒரு பக்கம் விழுந்த உடம்போடு ஒரு பெரியவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொன்னுரங்கம். வாதம் வந்தபின் தினமும் மாலையில் ஒட்டகச்சிவிங்கியைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று நடப்பவர். அவர் பிடித்துக்கொண்டு நடக்க மரத்துக்கு மரம் கயிறு கட்டிக் கொடுத்ததே சவரிமேரிதான் என்று பிறகு தெரிந்தது. அன்று அந்தக் கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார். பாலத்தைத் தாண்டி ஏழெட்டுப் பிள்ளைகள் சாலையிலேயே இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் கைக்குழந்தைகளோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அவுங்கள உள்ள வரச் சொல்லுங்க அக்கா. பரவாயில்ல," என்றேன்.

சவரிமேரி சிரித்தார். "அந்தக் கதையெல்லாம் வேணாம் மேடம். நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆபீசரு வந்தாரு. மாமா பெஞ்சுல படுத்திருந்தாரு, நாலு பேரு சீட்டாடிக்கிட்டிருந்தானுங்க. நா எழுப்பப் போனா, 'இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா'ன்னு இப்படித்தான் சிரிச்சாரு. மறுநாளு என்னைய நிறுத்திட்டாங்க. ஒரு மாசம். காலுல விழாத கொறைதான்."

படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. எண்ணுகிறவர் யாரையும் உள்ளே அழைக்கவோ வெளியே அனுப்பவோ கூடாது. அதைத் தமிழாக்கியவளும் நான்தான். நாலரை, பூஜ்யம். நாலே முக்கால், பூஜ்யம். ஐந்து, பூஜ்யம்.

ஐந்து பன்னிரண்டுக்கு இறகுப்பந்து சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு சிறுமி குதித்தாள். ஒன்பது வயது இருக்கும், ஜான்சி என்று பெயர். பந்தை எடுத்தவள் ஓடாமல் ஒட்டகச்சிவிங்கியின் காலை ஒருமுறை கட்டிப்பிடித்துச் சுற்றினாள். தினமும் செய்வதாக இருக்க வேண்டும். சவரிமேரி துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் அவள் கணுக்காலில் வீசினார். சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை அழவில்லை, நொண்டிக்கொண்டே போய்ச் சுவரேறிக் குதித்துவிட்டது.

சவரிமேரிக்கு மூச்சு வாங்கியது. "அது கணக்குல வராதுல்ல மேடம்?"

என் கடிகாரத்தில் ஐந்து பதினாலு.

"வராது," என்றேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஐந்தேகால், பூஜ்யம்.

அவரைப் பற்றிப் பிறகு நான் தெரிந்துகொண்டவை அதிகமில்லை. பிறந்தது காடாம்புலியூர்ப் பக்கம். பத்து வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகளில் தோல் வெந்து ரேகை அழிந்துவிட்டது. துறைமுகத்தில் சுமை தூக்கிய சவரிராயனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் ஏழு வருடம் இருந்து, குடித்து, செத்துப்போனார். பிள்ளை இல்லை. ‘தானே’ என்ற புயல் அடித்து ஊர் முழுக்க மரம் சாய்ந்த அந்த ஜனவரியில், விழுந்த கிளைகளை அள்ளப் பத்து நாள் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சவரிமேரிக்கு ஒதுக்கியது இந்தப் பூங்கா. ஒட்டகச்சிவிங்கியின் தலை குப்பையோடு கிடந்ததாம், இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் போட்டதாகச் சொன்னார். பதினோராம் நாளும் வந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. தாளில் அவர் இன்னமும் பத்து நாள் ஆள்தான்.

காலையில் வருகைப் பதிவுக்கு எல்லோரும் விரல் வைக்கும் இயந்திரம் அவர் விரலை ஏற்காது. மேஸ்திரி காத்தவராயன் தினமும் அதை ஒரு வேடிக்கையாக நடத்துவார். "வைம்மா மேரி, வை. பீப்னு சொல்லுதா? சொல்லாது. நீ பேசாம திருடப் போலாம், ஒருத்தனும் புடிக்க முடியாது." சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், சவரிமேரியும் சிரிப்பார். பிறகு மேஸ்திரி ஒரு நோட்டில் இதர ஆள் என்று ஒரு கோடு போடுவார். புது அட்டையில் ரேகை தேவையில்லை, புகைப்படம் போதும் என்பது சவரிமேரிக்கு எட்டியிருந்தது. அதற்காகவே ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்து, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

எங்கள் வருகை பற்றிய கடிதத்தைப் பணியாளர்களுக்குப் படித்துக் காட்டியவரும் காத்தவராயன்தான். பூங்காக்கள் தூய்மையாகவும் ஒழுங்காகவும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. "ஒழுங்குன்னா தெரியும்ல? ஒரு பய உள்ள இருக்கக் கூடாது," என்று அவரே பொருள் சொன்னார். இந்த ஊர்களில் அதிகாரி வருகிறார் என்றால் முதல் வேலை ஆட்களைக் கிளப்புவதுதான். அது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பூங்காக்களில் ஆடு மேய்ந்தது, ஆட்கள் சீட்டாடினார்கள், குழாய் உடைந்து ஓடியது. நான் போனபோது ஒரு பூங்காவில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அங்கே காவலுக்கு ஆளே கிடையாது. கடிதத்தில் இருந்ததையும் மேஸ்திரி சொன்ன பொருளையும் அப்படியே செய்தவர் சவரிமேரி ஒருவர்தான்.

நான் பூஜ்யங்களை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடவில்லை. கடைசிப் பக்கத்தில் பிற குறிப்புகள் என்ற கட்டத்தில், எங்கள் வருகைக்காகப் பணியாளர் ஆட்களை வெளியேற்றியிருந்தார், வெளியே குறைந்தது பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். எங்கள் குழுத் தலைவர் செம்பியன் அதைப் படித்தார். கெட்டவர் இல்லை. என்னை விட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

"இதை எங்க போடறது? கம்ப்யூட்டர்ல நம்பருக்குத்தான் எடம் இருக்கு."

"இன்னொரு தடவை போய் எண்ணிட்டு வரட்டுமா சார்? சொல்லாம போறேன்."

"ஒண்ணுக்குப் போனா முப்பதுக்கும் போவணும். வெள்ளிக்கெழம ரிப்போர்ட். நீ வேணா சிதம்பரம் மீட்டிங்ல சொல்லிப் பாரு. நீதான வர்ற, மொழிபெயர்க்க?"

சிதம்பரத்தில் தெற்கு வீதிப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தின் குளிரூட்டிய அறையில் கூட்டம் நடந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தமிழ் தெரியாத நிபுணர் ஒருவர் வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்தார். அவர் காதருகே நான். முதல் ஒரு மணி நேரம் யாருக்கு எத்தனை பூங்கா என்ற சண்டை. "உங்களுக்கு பீச்சு இருக்கு, எங்களுக்கு என்னா இருக்கு?" என்றார் சிதம்பரத்துக்காரர் ஒருவர். "தில்லையில ஆடறதுக்கு எடமா இல்ல?" என்றார் கடலூர்க்காரர். ஆளுக்கு ஒன்பது என்று முடிந்தது. அப்புறம் கடலூர்ப் பக்கத்தில் எவற்றைக் கழிப்பது என்று திரையில் அட்டவணையைப் போட்டார்கள். கடைசி வரியில் வந்து நின்றது சவரிமேரியின் பூங்கா.

"சுத்தத்துக்குப் பத்துக்குப் பத்து. ஆளு சைபர். இது பார்க்கா, சுடுகாடா?"

"சுடுகாட்டுக்குக்கூட நாலு பேரு வருவான் சார்."

அறை முழுக்கச் சிரித்தது. நிபுணர் என்னவென்று என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு நொடி கழித்து அவரும் சிரித்தார். அந்த இரண்டு நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் வேறு. அது எனக்கு இரண்டு மொழியிலும் தயாராக இருந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

கழிக்கப்பட்ட பூங்காக்களின் கதவில் மாட்ட அறிவிப்பு எழுத வேண்டியிருந்தது. ஆங்கில வாசகம் செம்பியனுடையது, தமிழ் என்னுடையது. பொதுமக்களின் பயன்பாடு இல்லாத காரணத்தால் இவ்விடம் குப்பை தரம்பிரிக்கும் கூடமாக மாற்றப்படுகிறது. பலகையை மாட்டிய அன்று புகைப்படம் எடுக்க என்னை அனுப்பினார்கள். கதவருகே பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். பொன்னுரங்கம் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"யாரும் வரலியாம். நா தெனம் வந்து நடந்தது என் ஆவி போலருக்கு. மேரி, நீ பேயிக்குத்தான்டி கயிறு கட்டுன."

"மாமா, சும்மா இருங்க."

"என்னா சும்மா? அன்னைக்கு வெயில்ல ஒக்கார வெச்சியே. உள்ள உட்டிருந்தா எண்ணியிருப்பாங்கல்ல? ஆளு வரலன்னுதான் மூடறானுங்க."

சவரிமேரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "ஆளு வரலன்னு எவனாச்சும் பார்க்க மூடுவானா மாமா? ஆளு வந்தாதான் பார்க்கு கெட்டுப்போவுது. பன்னெண்டு வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? அது சும்மா எழுதறது. வேற ஏதோ கொற கண்டுட்டாங்க."

அந்தக் குறை என்னவென்று அவரே கண்டுபிடித்தும்விட்டார். கூட்டத்தில் ஓரமாக நின்ற ஜான்சியின் மீது அவர் கண் போனது. இத்தனை வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். பிறகு மறு கன்னத்தில்.

"நீ ஒருத்திதான்டி உள்ள குதிச்ச! ஆறு மணி வரைக்கும் பொறுக்க முடியலியா உனக்கு? மேடம் பாத்துட்டாங்கடி, எழுதிட்டாங்கடி!"

பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஜான்சியின் அம்மா ஓடிவந்து சவரிமேரியைக் கீழே தள்ளினாள். "பெத்திருந்தாதான தெரியும் உனக்கு!" என்று கத்தினாள். யாரும் விலக்கவில்லை. சவரிமேரி தரையிலிருந்தபடியே, "நீங்க சொல்லுங்க மேடம், அது உள்ள வந்துச்சா இல்லியா?" என்று என்னைக் கேட்டார்.

வந்தாள் என்றேன். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அவள் இரண்டு நிமிடம் தாமதமாகக் குதித்திருந்தால் பூங்காவுக்கு ஒரு எண் கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. சவரிமேரி அவளை விரட்டாமல் விட்டிருந்தாலே கிடைத்திருக்கும் என்பதையும் சொல்லவில்லை. கூட்டம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சிறுமியைப் பார்த்தது.

அதன்பின் அந்தத் தெருவில் சவரிமேரியோடு யாரும் பேசவில்லை என்று காத்தவராயன் சொன்னார். மாதா கோயிலில் அவர் உட்காரும் வரிசையில் மற்ற பெண்கள் உட்காரவில்லையாம். பொன்னுரங்கம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நடக்காத கால் முழுதும் மடங்கிப்போய்விட்டது. ஜான்சி இறகுப்பந்து ஆட வருவதில்லை.

மூன்று மாதம் கழித்து, என் ஒப்பந்தம் முடிகிற வாரத்தில், அந்த இடத்துக்குக் கடைசியாக ஒருமுறை போனேன். மரங்கள் நாலுதான் மிச்சம். தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கியைப் பெயர்க்கச் செலவாகும் என்று அப்படியே விட்டு, அதன் கால்களுக்கு நடுவே மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. அங்கேயே உட்கார்ந்து மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் பிரித்துக்கொண்டிருந்தார் சவரிமேரி. பத்து நாளைக்கு என்று எடுத்திருக்கிறார்கள். கொடுத்த கையுறை பெரிதாக இருந்ததால் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். தன்னைச் சுற்றி மட்டும் தரையைப் பெருக்கி, ஒரு பிளீச்சிங் பவுடர் கோடு இழுத்திருந்தார்.

"ஒங்க வட்டாரம் வந்துடுச்சாமே. சிதம்பரத்துல எல்லாருக்கும் அட்டை குடுத்துட்டாங்களாம். மேஸ்திரி சொன்னாரு."

ஆமாம் என்றேன். பிறகு, "அந்தப் பொண்ணு காரணம் இல்ல அக்கா," என்றேன்.

"நீங்க நல்ல மனசு, அப்படித்தான் சொல்லுவீங்க."

அதற்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தது. ஏன் மூடினார்கள் என்பதை அவர் நம்பும்படி சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து, அந்தப் புகைப்படத்தை என்னிடம் நீட்டினார். எண்ணெய் வைத்து வாரிய தலை, நேரான பார்வை. நான் வாங்கிக்கொண்டேன்.

"இத வெச்சுக்கோங்க மேடம். பெரிய ஆபீசருங்ககிட்டச் சொல்லி இன்னொரு தடவ எண்ண வரச் சொல்லுங்க. வர்றதுக்கு மொத நாளு எனக்கு ஒரு போனு மட்டும் போடச் சொல்லுங்க. அந்தக் குட்டிக் கழுதையத் தெருமொனையிலியே மறிச்சுடறேன். இந்தத் தடவ ஒரு ஆளு உள்ள வராது."